சுவரில் வந்த தாய்மாமன்

அத்தியாயம் 4

“பேய்னு ஒண்ணு இருந்தா உன் பேரைக் கேட்டதுமே ஓடிரும். பயப்படாம வண்டியை எடு” என்றார் விஜயம் அக்கா.

என் பெயர் பேயாண்டி. சிரித்து முடித்துவிட்டீர்கள் என்றால் மேலே போகலாம். பதினெட்டு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். வாயைக் கொடுத்து வேலையை இழந்தேன். இப்போது தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கும் விஜயம் துப்பறியும் நிலையத்தில் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர் எல்லாம் நானே. அக்கா ஒரு பெண்கள் கல்லூரியின் பௌதிக ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடம் லென்ஸையும் கண்ணாடியையும் துடைத்த கை இப்போது மனிதர்களைத் துடைத்துப் பார்க்கிறது.

எங்கள் கட்சிக்காரர் முனீஸ்வரி, ஆரம்பப்பள்ளி ஆசிரியை. முந்தின நாள் வந்து அவர் சொன்ன சங்கதி இதுதான். தம்பி ராம்கி ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். சுவரில் படம் காட்டும் தீப்பெட்டி சைஸ் பெட்டி செய்கிற வேலை. போன ஆவணியில் திடீரென்று ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அப்பா சொன்னாராம். அன்றிலிருந்து முனீஸ்வரியின் போனை அவன் எடுப்பதில்லை. மெசேஜுக்குப் பதில் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல், கிராமத்தில் அப்பா வீட்டுச் சுவரில் மட்டும் வந்து அம்மாவிடம் பேசுகிறான்.

“கடைசியாப் பேசும்போது சண்டை போட்டுட்டேன். என் பையன் காதுகுத்துக்கு லீவு கிடைக்குமான்னு தெரியலைன்னான். நீ வராட்டிப் போடா, உன் மடி இல்லாட்டியும் என் பிள்ளைக்குக் காது குத்தும்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அந்தக் கோவத்துலதான் பேச மாட்டேங்கிறான் போல. அவன் எங்க இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. நான் கால்ல விழுந்தாவது வைகாசிக்குக் கூட்டிட்டு வந்துருவேன்.”

தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் காது குத்துவதில்லை. வாத்தியாரம்மா அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் மறுநாள் கிளம்பும்போது சுவர், பேய் என்று ஏதோ உளறி, இந்த அத்தியாயத்தின் முதல் வரியை அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. அலங்காநல்லூரைத் தாண்டி ஆறு கிலோமீட்டரில் ஊர். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் சீட்டில் தோசை சுடலாம். பத்தரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டோம். முனீஸ்வரி முன்னாலேயே வந்து வாசலில் காத்திருந்தார். அக்காவைத் தன்னோடு வேலை பார்க்கும் டீச்சர் என்றும், என்னை டீச்சரின் டிரைவர் என்றும் அறிமுகப்படுத்தினார். டீச்சரின் வீட்டுக்காரர் என்று சொல்லலாமே என்று வழியிலேயே கேட்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை செத்துவிட்டது.

அப்பா கருத்தக்கண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது. வெயிலில் காய்ந்த உடம்பு, வெறும் நெற்றி, தோளில் பச்சைத் துண்டு. “வாங்க” என்றதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அழகம்மாள் அவருக்கும் சேர்த்துப் பேசினார். போன ஆவணியில் நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டும் செல்போனில் ஒரு முகமும் தெரியாதாம்.

“அதுக்காகத்தான் தாயீ எம்பிள்ளை அந்தப் பெட்டியச் செஞ்சான். செவுத்துல பெருசா வந்து நிப்பான். மூக்கு முழி அம்புட்டும் தெரியும்” என்று பூரித்துப் போனார்.

பதினோரு மணி. கருத்தக்கண்ணன் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். சந்தில் வெளிச்சம் வந்த இடத்தில் சாக்கைச் செருகினார்.

“எதுக்கு மாமா கதவைச் சாத்துறீக?” என்றேன்.

“சிக்னல் செதறிரும்.”

டவர் கிடைக்காமல் வாசலுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடியேறுகிறவர்களை, மரமேறுகிறவரைக்கூடப் பார்த்திருக்கிறேன். கதவைச் சாத்தி டவர் பிடிப்பவரை அன்றுதான் பார்த்தேன். என் போனை எடுத்தேன். ஒரு கோடுகூட இல்லை. அக்காவின் போனும் அப்படியே.

அலமாரித் தட்டில் இருந்த பெட்டி மினுங்கியது. வெள்ளைச் சுவரில் ஒரு இளைஞனின் முகம் எழுந்தது. சட்டமோ ஓரமோ இல்லாமல் சுவரே முகம் காட்டியதுபோல் இருந்தது. ஆனால் முகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கு. காது ஓரமெல்லாம் பிசிறு.

“மூணு வாரமா இப்புடித்தான் தாயீ. எம்பிள்ளை மொகம் ரெண்டாப் பிரியுது” என்று அழகம்மாள் எங்களிடம் குறைபட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பினார். “ஏண்டா ராம்கி, ஒடம்பு சொகமில்லையா?”

கருத்தக்கண்ணன் இருமினார்.

“நல்லாருக்கேன்மா” என்றான் சுவரில் இருந்தவன்.

“சாப்பிட்டியாய்யா?”

இருமல். “சாப்பிட்டேன்மா. நீ சாப்பிட்டியா?”

“மருமகனுக்குக் காது குத்தணும்னு அக்கா துடியாத் துடிக்கிறா. எப்பய்யா வருவ?”

இருமல். அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டு சிரித்தான். “வாரேன்மா. சீக்கிரம் வந்துருவேன்.”

முனீஸ்வரி எழுந்துபோய்ச் சுவருக்கு முன்னால் நின்றார். “தம்பி, அக்கா பேசுறேன்டா. எம்மேல கோவமா?”

கருத்தக்கண்ணன் இரண்டு முறை இருமினார். சுவர் மறுபடியும் தலைமுடியைக் கோதியது. “நல்லாருக்கேன்மா” என்றது. முனீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

எதற்கும் இருக்கட்டும் என்று போனில் சுவரைப் படம் எடுத்தேன். எடுத்ததைப் பார்த்தேன். படத்தில் ராம்கி இல்லை. இருட்டுச் சுவரில் குறுக்காக ஒரு பட்டை வெளிச்சம், அதில் ஒரு புருவமும் பாதிக் கண்ணும் மட்டும். மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் வேறு வேறு துண்டு.

“அக்கா” என்று முணுமுணுத்தேன். “பேயாண்டிக்கே பேய் காட்டுறாக.”

அக்கா படத்தைப் பார்த்தார். எழுந்துபோய்ப் பானைத் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்தார். “தொடலாமாய்யா?” என்று கருத்தக்கண்ணனைக் கேட்டுவிட்டு, வெளிச்சம் வரும் துளையை விட்டு மற்ற இடமெல்லாம் ஈரத்துணியால் பெட்டியைச் சுற்றினார். இரண்டு நிமிடம் போயிருக்கும். சுவரில் இரண்டு மூக்கும் நெருங்கின. பிசிறு அடங்கியது. ராம்கி ஒரே முகமாக, அம்மாவின் அதே தாடையோடு, அழகாகத் தெரிந்தான்.

“ஐயோ எஞ்சாமீ!” அழகம்மாள் எழுந்து சுவரருகே போனார். மகனின் கன்னத்தைத் தடவப் போனவரின் புறங்கையில் அவன் வாய் வந்து விழுந்தது. சுவரில் தெரிந்த அதே தெளிவோடு அவர் கையிலும் சிரித்தது. “நீ மகராசியா இருக்கணும் தாயீ” என்று அக்காவைக் கும்பிட்டார்.

அவ்வளவு சந்தோஷத்திலும் கருத்தக்கண்ணன் முகத்தில் சந்தோஷமில்லை. ஈரத்துணியையே வெறித்துக்கொண்டிருந்தார். அக்காவின் முகமும் விழுந்துவிட்டது. கேஸில் ஜெயிக்கும்போது அக்கா ஒரு டீ கேட்பார். அன்று கேட்கவில்லை.

“காத்தாட நிக்கணும்” என்று சொல்லி என்னை மாட்டுக் கொட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“என்னக்கா அந்தப் பெட்டி?”

“உள்ள ஒரு கண்ணாடி இருக்கு. எள்ளுல பாதிதான் இருக்கும். அதுல ஒரு வெளிச்சப் புள்ளி விழும். கண்ணாடி இடமும் வலமும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆடும். மேலயிருந்து கீழ மெதுவா இறங்கும். புள்ளி அதோட சேர்ந்து சுவர்ல வரிவரியா ஓடும். கொள்ளிக்கட்டையைச் சுத்தினா வட்டமாத் தெரியும்ல? அதே சங்கதிதான்.”

“அப்ப சுவத்துல ராம்கி மொகம் இல்லையா?”

“எந்த நேரத்துலயும் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கு, பேயாண்டி. மிச்சத்தை நம்ம கண்ணு போட்டுக்குது. உன் போன் கண்ணு நம்ம கண்ணை விட அவசரக்குடுக்கை. அதான் ஒரு பட்டை மட்டும் சிக்குச்சு.”

“மொகம் ஏன் ரெண்டாச்சு?”

“வெயில். சூடு ஏறினா அந்தக் கண்ணாடியோட ஆட்டம் மாறிப்போகும். இடப்பக்கம் போற வரியும் வலப்பக்கம் வர்ற வரியும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது. குளிர வச்சா சரியாயிரும்.” அக்கா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “இது லேப்ல கண்ணாடி துடைச்ச எனக்கே தெரியுது. அந்தப் பெட்டியைச் செஞ்சவனுக்குத் தெரியாதா? மூணு வாரமாப் பெத்தவ உன் மொகம் ரெண்டாத் தெரியுதுடான்னு புலம்புறா. பெட்டியைக் குளுமையான இடத்துல வைம்மான்னு அவன் ஒரு வார்த்தை சொல்லலையே.”

“பதிவு பண்ணி வச்சதை ஓட்டுறாக. துண்டுக்குள்ள பட்டன். பட்டன் சத்தம் கேக்காம இருக்க இருமல்” என்றேன். எனக்கும் கொஞ்சம் மூளை உண்டு. “மாட்டுத்தாவணி பஸ் அறிவிப்புகூட இதை விட மாத்தி மாத்திப் பேசும். ஆனா ஏன்? பய ஜெர்மனியில வெள்ளைக்காரியக் கட்டியிருப்பான். அப்பாவுக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்கு நெஞ்சு தாங்காதுன்னு மறைக்கிறாரு. கேஸ் முடிஞ்சது. வெள்ளைக்காரியையும் காதுகுத்துக்கு வரச் சொல்லிருவோம்.”

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கொட்டத்தில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை நின்றது. திமில் மட்டும் ஒரு ஆள் கனம் இருக்கும். பக்கத்து வீட்டுப் பாண்டிராஜ் அதற்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். எட்டு வருடமாக இந்தக் காளையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான் என்று முனீஸ்வரி சொல்லியிருந்தார்.

“இந்த வருசம் வாடிவாசல்ல விட்டீங்களா தம்பி?” என்று அக்கா கேட்டார்.

“எங்கிட்டுக்கா? காலு வலின்னு மாமா விடலை. இதுக்கா காலு வலி? நேத்து என்னையவே வேலியத் தாண்ட வச்சுச்சு.”

“பொங்கல் நல்லா இருந்துச்சா?”

“வைக்கவே இல்லைக்கா. அத்தைக்குப் பொகை ஆகாதுன்னுட்டாக.”

“மாசியில குலசாமி கோயிலுக்குப் போனீங்களா?”

“மாமாவும் வந்தாக. ஆனா கோயில் எல்லைக் கல்லுக்கு வெளியவே நின்னுட்டாக. செருப்புக் கடியாம். நான்தேன் துண்ணூறு கொண்டாந்து நீட்டினேன். வாங்கலை. வருசா வருசம் மொத ஆளா நெத்தி நெறையப் பூசுறவுக.”

பாண்டிராஜ் தண்ணீர் எடுக்கப் போனார். அக்கா என்னைப் பார்த்தார். நான் விரல் விட்டு எண்ணினேன். காளைக்குக் கால் வலி. அத்தைக்குப் புகை ஆகாது. மாமாவுக்குச் செருப்புக் கடி. காதுகுத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், ஜோசியர் நாள் சரியில்லை என்கிறார் என்று கருத்தக்கண்ணன் சொன்னதாக முனீஸ்வரி முந்தின நாள் சொல்லியிருந்ததும் நினைவுக்கு வந்தது. நான்கும் நான்கு சாக்கு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நம்பும்படிதான் இருந்தன. ஆனால் இந்த நான்கையும் சேர்த்து ஒரு வருடத்துக்கு நிறுத்துவது எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். அது எந்த வீட்டில் நடந்தாலும் ஊருக்கே தெரியும். இந்த வீட்டில் நடந்தது வீட்டுக்கே தெரியாது.

“அக்கா, வேண்டாங்க்கா” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்லிட்டாரு. பொண்ணுகிட்டயும் சொல்லிட்டாரு” என்றார் அக்கா. “துக்கத்தோட சாமிகிட்டப் போய் நிக்க மட்டும் அவருக்கு மனசு வரலை.”

கருத்தக்கண்ணன் கரும்புத் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் குத்தவைத்திருந்தார். எங்களுக்காகவே வந்து காத்திருந்தவர்போல் தெரிந்தது. அக்கா அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“நாங்க டீச்சர் இல்லய்யா. முனீஸ்வரிதான் தம்பியைத் தேடச் சொல்லி எங்களை வரவழைச்சது. எந்த மாசம்யா நடந்துச்சு?”

அவர் மழுப்பவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று எட்டு மாதமாகக் காத்திருந்த மனிதர்.

“ஆவணி பதினாலு. வியாழக்கெழம.” துண்டுக்குள் இருந்து சின்ன ரிமோட்டை எடுத்து வாசல் திண்டின் மேல் வைத்தார். “ஓசூரு ரோட்டுல லாரிக்காரன் அடிச்சுட்டான். வண்டியில வந்தவனுக்கு அந்த எடத்துலயே முடிஞ்சிருச்சு. போலீசு என் போனுக்குத்தேன் பேசுனாக. அவளுக்கு ஆபரேசன் ஆகி நாலு நாளு. பெரியாஸ்பத்திரியில கெடக்கா. கொஞ்சம் அதிர்ச்சியானாலும் தாங்க மாட்டாகன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. மக பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டிருக்கா. அவளுக்கு மொகத்துல ஒண்ணும் மறைக்கத் தெரியாது, அவகிட்டச் சொன்னா ஆத்தாளுக்குச் சொன்ன மாதிரித்தேன். பம்புசெட்டுக்குச் சாமான் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு பஸ்ஸேறிட்டேன்.”

நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தையலு பிரிக்கட்டும், சொல்லிருவோம்னு இருந்தேன். தையலு பிரிச்ச அன்னைக்கு, எம்பிள்ளை ஏன் என்னைய வந்து பாக்கலைன்னு கேட்டா. ஜெர்மனிக்குப் போயிருக்கான்னு வாயில வந்துருச்சு. அவன் பையில இந்தப் பெட்டி இருந்துச்சு. ஆடி லீவுல வந்தப்ப பெட்டியச் சோதிக்கணும்னு அவனே பேசிப் பேசிப் பிடிச்சு வச்சிருந்தான். பதினோரு பேச்சு. பட்டன அமுக்குறத எனக்குச் சொல்லிக் குடுத்தவனும் அவன்தேன். ஒரு வெள்ளிக்கெழம மட்டும் காட்டுவோம்னுதேன் காட்டுனேன். அன்னைக்கு அவ ரெண்டு வாய் சோறு கூடத் தின்னா.” துண்டால் ரிமோட்டைத் துடைத்தார். “மொகம் ரெண்டாப் போனதுல இருந்து எனக்குத் தூக்கமில்லைம்மா. அதுவும் போயிருமோன்னு. ஈரத்துணிதேன் மருந்துன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

அக்கா அழுவதை அன்று முதல் முறையாகப் பார்த்தேன்.

பின்னால் கரும்புச் சோகை சரசரத்தது. முனீஸ்வரி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அப்பாவிடம் போகவில்லை. நேராக அக்காவிடம் வந்தார்.

“மேடம், நீங்க எல்லாத்தையும் கண்டுபிடிச்சுட்டீங்கள்ல. இதையும் சொல்லுங்க. அவன் எம்மேல கோவத்தோடதான் போனானா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்காவால் முடியாத காரியமில்லை, இதைவிடப் பெரிய பொய்களைக் குற்றவாளிகளிடம் கண் இமைக்காமல் சொன்னவர்தான். ஆனால் திண்டின் மேல் கிடந்த ரிமோட்டை ஒரு முறை பார்த்தார்.

“தெரியலம்மா” என்றார். “அது எனக்குத் தெரியல.”

முனீஸ்வரி வரப்பிலேயே உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பதினெட்டு வருடம் ஒரு நாளைக்கு ஆயிரம் பேரிடம் பேசிய வாயில் அன்று ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் கருத்தக்கண்ணன் பதறிப்போய் எழுந்தார். விருந்தாளிகளுக்கு மோர்ச் செம்போடு அழகம்மாள் வாய்க்கால் ஓரமாக வந்து, எங்களுக்குப் பத்தடி தூரத்தில் நின்றிருந்தார். செம்பு சாய்ந்து மோர் மண்ணில் வழிந்துகொண்டிருந்தது. கேட்டுவிட்டார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

“அழகு... ஒக்காரு தாயீ... நெஞ்சப் பிடிச்சுக்க...” கருத்தக்கண்ணன் ஓடிப்போய் அவரைத் தாங்கப் போனார். நான் போனை எடுத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூட டவர் இல்லை.

அழகம்மாள் விழவில்லை. கணவரின் கையை விலக்கிவிட்டு அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

“எந்த ஊருலய்யா எரிச்ச?”

“ஓசூருல.”

“கூட யாரு வந்தாக?”

“யாருமில்ல.”

“கொள்ளி வச்சது?”

“நாந்தேன்.”

“எளந்தாரிப் பிள்ளைய ஒத்தையாளா எரிச்சுட்டு வந்து, கை கழுவிட்டு எனக்குக் கஞ்சி ஊத்துனியாய்யா?” அழகம்மாள் செம்பைத் தரையில் வைத்தார். “நான் செவுத்தப் பாத்துச் சிரிச்சேன். நீ எனக்குப் பின்னால இருட்டுல ஒக்காந்திருந்தியா, எட்டு மாசமா?”

அவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். அழகம்மாள் அந்தத் துண்டைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார். தழும்பு இருந்த தன் மாரில் உள்ளங்கையால் ஒரு அடி அடித்துக்கொண்டார்.

“எனக்குத் தையலு போட்டாக. தாங்குதுய்யா, பாரு, நிக்கிறேன்ல. உன் நெஞ்ச எந்த டாக்டருய்யா பாத்தான்?”

அதற்குப் பிறகுதான் கருத்தக்கண்ணன் வாய்விட்டு அழுதார்.